கோகிலாவின் சர்வீஸ்

ஆகஸ்ட் 7, வியாழன்

கோகிலாவின் சர்வீஸை நான்தான் கெடுத்துவிட்டேன். நாளை கடத்தூரில் எங்கள் பள்ளிக்கு வாலிபால் போட்டி. அவள் சர்வீஸை நம்பித்தான் அணியே இருக்கிறது.

நூலகத்தில் எடுத்த விளையாட்டு உளவியல் புத்தகத்தைப் பாதி படித்ததுமே அவள் எப்படி அடிக்கிறாள் என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கும் ஆசை வந்துவிட்டது. மாலைப் பயிற்சிக்கு நோட்டோடு போனேன்.

"பந்த அடிக்கறப்ப மணிக்கட்ட எப்படிடி வெச்சிருப்ப?"

"தெர்லயேடி, தானா வருது" என்று சிரித்தாள். நான் விடவில்லை. விரல், தோள், கால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளும் பாவம், மெதுவாக அடித்து அடித்துக் காட்டினாள்.

அதன்பிறகு அவள் போட்ட பந்தெல்லாம் வலையில் விழுந்தது. தன் கையையே பார்த்துக்கொண்டு அடித்தாள். "என்னாடி, கையில சுளுக்கா?" என்று பி.டி. மிஸ் கத்தினார். "ஒண்ணுமில்லைங்க மிஸ்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். நன்றாகப் பழகியவர் தன் கையைக் கவனித்தால் ஆட்டம் தடுமாறுமாம். பந்து விழவேண்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். கெட்டுப்போனதை ஒரே இரவில் எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் இல்லை. கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டேன்.

"கையை நினைக்காதே" என்று சொன்னால் கையைத்தான் நினைப்பாள். நாளை ஆட்டத்துக்கு முன்பு அவள் சர்வீஸ் போட்டுப் பழகும்போது, வலைக்கு எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கப் போகிறேன். "முடிஞ்சா என் தலையில போடுடி" என்று கத்துவேன். நோட்டை எடுத்துப்போக மாட்டேன். கண்ணாடியைக் கழற்றிவைக்க மறக்கக்கூடாது.