சரியான புத்தகம் வந்த நாள்

பிதியா,
சனிக்கிழமை காலை.

அன்புத் தம்பி ஹுமைதுக்கு, அக்கா ஸுவைனா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் குழந்தையும் நலம். மஸ்கட் வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மூன்று நாளாக ஓயாத காற்று. மாவு பிசைந்தாலும் பல்லில் மணல்தான் கடிபடுகிறது.

நீ வாங்கி அனுப்பிய ஜீப் ரிப்பேர் புத்தகம் வியாழன் மதியம் மீன் லாரிக்காரர் கையில் வந்து சேர்ந்தது. கடையில் மூன்று இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். வண்டியோடு கொடுக்கும் சின்னக் கையேடு, எல்லா மாடலையும் ஒரே அட்டைக்குள் திணித்த மெல்லிய புத்தகம், பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் தடித்த புத்தகம். அதற்குப் பதில் போட எனக்குப் பத்து நாள் ஆனது. காரணம் உன் மச்சான் முஹன்னாதான்.

அவரை உனக்குத் தெரியும். பள்ளியில் கணக்கு வாத்தியார், வீட்டுக்கு வந்தால் கையெல்லாம் கிரீஸ். அந்தப் பழைய ஜீப்பை வாங்கியபோது அதற்குள்ளேயே ஒரு புத்தகம் கிடந்தது. அதில் போட்ட அளவு மாறாமல், முறுக்கும் அளவு காட்டும் ஸ்பானரை வைத்துத்தான் ஒவ்வொரு நட்டையும் முடுக்குவார். பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். ஆனால் ஓட்டிவிட்டு வந்தால் முன்சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. கிரீஸ் கருகிய வாடையும் வரும். இது நம் வண்டிக்கான புத்தகம்தானா என்று கேட்டேன். "உன் தம்பி புத்தகம் அனுப்பினா நான் மறுபடி பரீட்சை எழுதணுமா?" என்று சிரித்தார். மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன். பிறகுதான், அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம், இன்ஜினுக்குப் பக்கத்துத் தகட்டில் இருந்த எண்ணை எழுதி, அந்த எண்ணுக்குரிய தடித்த புத்தகத்தையே வாங்கு என்று உனக்கு அனுப்பினேன்.

அந்தப் பத்து நாளுக்குள் பக்கத்து வீட்டு கமீஸ் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். நம்முடையதைப் போலவே, அதே வருஷத்து வண்டி. "வாத்தியாரே, உன் கை பட்டா என் வண்டியும் பாஸாயிடும்" என்றான். உன் மச்சான் இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றி, பேரிங் மாற்றி, புத்தகத்தில் போட்டிருந்தபடியே முடுக்கிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

வியாழன் காலை கமீஸ் தன் தம்பி ஸாலிமுக்குப் பெண் பேச, அவனையும் கூட்டிக்கொண்டு பாலைவன மணலைக் குறுக்கே கடந்து கடலோர ஊரான அஷ்கராவுக்குக் கிளம்பினான். வழியில் ஒரு வீடு கிடையாது. மதியம் உன் புத்தகம் வந்தது. உன் மச்சான் சிரித்துக்கொண்டேதான் பிரித்தார். சக்கரத்தைப் பற்றிய பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அது வேறு மாடலுக்கானது. நம் வண்டிக்கு வேண்டியதைப்போல் பல மடங்கு இறுக்கச் சொல்லியிருந்தது. பேரிங் சூடேறி நொறுங்கும், சக்கரம் கழன்று போகும் என்றார். உடனே நம் சக்கரங்களைச் சரிசெய்தார், தண்ணீர் கேன்களை ஏற்றினார், கமீஸ் போன வழியைப் பிடித்துக்கொண்டு போனார்.

நேற்று மதியம் தனியாகத் திரும்பி வந்தார். பாதி வழியில் கமீஸின் வண்டி சாய்ந்து கிடக்கிறதாம். முன்சக்கரம் ஒன்று தனியாகக் கழன்று பள்ளத்தில் கிடக்கிறது. பெண் வீட்டுக்கு வாங்கின ஹல்வா சீட்டில் அப்படியே இருக்கிறது. தண்ணீர்க் குடத்தை மட்டும் காணோம். இரண்டு பேரின் காலடித் தடம் கிழக்கே போய், கொஞ்ச தூரத்தில் காற்றில் அழிந்துவிட்டதாம். போலீஸும் ஊராரும் ஆறு வண்டியில் தேடப் போயிருக்கிறார்கள். இவரும் திரும்பப் போய்விட்டார். சக்கரம் ஏன் கழன்றது என்று யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. போகும்போது அந்தப் பழைய புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டுப் போனார். நான் தடுக்கவில்லை.

கமீஸின் மனைவி ராயா நேற்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரரு மட்டும் தேடிப் போகலேன்னா இன்னும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுடி. அல்லா அவருக்குக் கூலி கொடுப்பான்" என்றாள். நான் காப்பி ஊற்ற எழுந்து போய்விட்டேன்.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை தம்பி. சரியான புத்தகத்தைத்தான் வாங்கி அனுப்பினாய். அந்தப் பத்து நாள் தாமதம் என்னுடையது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ராயாவுக்குப் படிக்கத் தெரியாது. உன் கடிதம் வந்தால் மஸ்கட் சேதி என்ன என்று பக்கத்தில் வந்து உட்காருவாள், நான் உரக்கப் படித்தாக வேண்டும். அதனால் பதிலில் புத்தகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே. லீவு கிடைத்தால் நீயே புறப்பட்டு வா. அந்த இரண்டு பேருக்காகவும் துஆ செய். உன் மச்சானுக்காகவும் செய். அல்லாஹ் உன்னை எல்லா வழியிலும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
ஸுவைனா