கேட்பாரற்ற பெட்டி

மார்ச் 4

அன்பு வாலு,

போன செவ்வாய்க்கிழமை காலை நம் கடைத்தெருவில் குண்டு வெடித்தது. ஐந்து பேர் செத்துப்போனார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையின் முன்கண்ணாடி போயிற்று, மேல் கம்பியில் தொங்கிய பைகளெல்லாம் தரைக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான். போனில் இதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குள் நீ அழுதாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அவளும் அழுதாள், நான் இரண்டு பேரையும் அதட்டினேன், லைன் போய்விட்டது. நம் வீட்டில் போன் பேச்சு என்றைக்கு உருப்பட்டிருக்கிறது? எழுத்தில் யாரும் குறுக்கே விழமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

வைத்தவன் விவரமானவன். சக்கரம் வைத்த பயணப்பெட்டிக்குள் வைத்திருக்கிறான். தெரு முழுக்கப் பயணப்பெட்டி விற்கிற இடத்தில் இன்னொரு பெட்டியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பூட்டு விற்கிறவருடைய தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கையில் நம்பர் பூட்டைக் கொடுத்து, "தொற பாக்கலாம்" என்று சீண்டுவாரே, அந்தப் பூட்டுக்காரர் இப்போது இல்லை. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமையே கடையைத் திறந்துவிட்டேன். சில்லறைக் கடைக்காரர்கள் ஒருவரும் நேரில் வருவதாக இல்லை. "அண்ணே, போட்டோ அனுப்புங்க, பாத்து ஆர்டர் போட்டுக்கிறோம்" என்கிறார்கள். ஜிப்பை இழுத்துப் பார்க்காமல், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்க்காமல் பெட்டி வாங்குகிறவன் வியாபாரியா? ஒருத்தன் இன்னும் ஒருபடி மேலே போனான். "உங்க தெரு இப்ப ரிஸ்க்கான தெரு, வெலையக் கொறைச்சுப் போடுங்க" என்றான். செத்தவர்களை வைத்து என்னிடமே பேரம் பேசுகிறான். இனிமேல் உனக்கு இந்தக் கடையில் கைப்பிடி கூடக் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் உன் அம்மா சொல்கிறாள், மே மாத டிக்கெட்டை நீ ரத்து செய்துவிட்டாயாம். அந்த ஆளுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று நீயே சொல். நான் தினமும் காலையில் நடந்து போகிற தெரு இருக்கிற ஊருக்கு, நீ பன்னிரண்டு நாள் வந்து போக முடியாதா? பேத்திக்கு மூன்று வயது ஆகப்போகிறது. போன் திரையில் பார்த்ததோடு சரி, ஒரு தடவைகூடத் தூக்கினதில்லை.

டிக்கெட்டைத் திரும்பப் போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பூட்டுக்காரர் பற்றி எழுதிய இடத்தில் மூன்று தடவையும் நின்றுவிட்டேன். ஒரு நாள்கூட அந்தப் பூட்டை நான் திறந்ததில்லை. "நாளைக்குத் தொறப்ப போ" என்பார்.

ஆனால் அப்பா, என்னைக் கோழை என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் யாரோடு சேர்த்து வைத்து! எனக்கு வலிக்காதா?

நான் தனி ஆளாக இருந்தால் மறுநாளே கிளம்பியிருப்பேன். கையில் குழந்தை இருக்கிறது. இங்கே அரசாங்கமே "அவசியம் இல்லாவிட்டால் அந்த ஊருக்குப் போகாதீர்கள்" என்று அறிவித்திருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் எங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இவருடைய ஆபீசில் ஆளுக்கு ஆள், "என்ன, குழந்தையையா கூட்டிட்டுப் போறீங்க?" என்கிறார்கள். இவ்வளவு பேர் சொன்ன பிறகும் கூட்டிக்கொண்டு வந்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நான் யார் முகத்தில் விழிப்பது?

ஒன்று ஞாபகப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்பில் எல்லாரும் படகுச் சவாரி போனார்கள். வேறு ஏதோ ஊரில் ஒரு படகு கவிழ்ந்தது என்று பேப்பரில் படித்துவிட்டு என்னை அனுப்பவில்லை. டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "படகு போகட்டும் டீச்சர், என் பொண்ணு போகமாட்டா." அன்றைக்கு உங்களுக்கு இருந்தது என்ன, வீரமா?

இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் பார்க்கலாம். அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? கம்பு ஊன்றாமல் நடக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். நம்பலாமா?

உங்கள் வாலு

மார்ச் 24

வாலு,

படகில் ஓட்டை இருந்தது. தெருவில் ஓட்டை இல்லை. இரண்டும் ஒன்றல்ல. இது என் பதில். பலவீனமான பதில் என்று எனக்கே தெரிகிறது, மேலே தோண்டாதே.

உன் அம்மா கம்பில்லாமல் நடக்கிறாள் என்பது பொய். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் கம்பில்லாமல் நடந்து காட்டுகிறாள், அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விமானத்தில் அத்தனை மணி நேரம் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மட்டும் ஏறி வந்துவிடலாம். ஆனால் அவளை விட்டுவிட்டுப் பேத்தியை நான் ஒருவனாகப் பார்த்துவிட்டு வந்தால், இந்த வீட்டுக்குள் என்னை யார் விடுவது?

தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன் கேள். பைக்குள் காகிதத்தை அடைத்து வைத்தால்தான் அது நிமிர்ந்து நிற்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். நான் தொழிலுக்கு வந்தபோது முதலில் கற்ற வேலை அதுதான், பழைய பேப்பரைக் கசக்கி அடைப்பது. இப்போது போலீஸ் உத்தரவு: வெளியே வைக்கிற எந்தப் பையிலும் எதுவும் இருக்கக் கூடாது, ஜிப் திறந்தே இருக்க வேண்டும். தெரு முழுக்கப் பைகள் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகின்றன. அதைப் பார்த்தால் எனக்கே வாங்கத் தோன்றவில்லை. ஒரு அம்மாள் நேற்று உள்ளே ஒரு கால் வைத்தாள், மூடியிருந்த ஒரு பெட்டியைப் பார்த்தாள், வந்த வழியே போய்விட்டாள். அவளைத் திட்டினேன், மனசுக்குள்தான்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்கிறாயா? மோட்டார் சைக்கிள் சைலன்சர் வெடித்தால் கூட மேசைக்குக் கீழே குனிந்துவிடுகிறேன். ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன். தூக்காவிட்டால் யார் சோறு போடுவார்கள்? வர வேண்டாம் என்று தீர்மானிக்க உங்களுக்கெல்லாம் ஒரு டிக்கெட் இருக்கிறது, ரத்து செய்கிறீர்கள். நாங்கள் எதை ரத்து செய்வது? அரசாங்கம் அறிவித்ததாம்! இங்கே இருக்கிற எங்களுக்கு ஏதாவது அறிவித்தார்களா, "அவசியம் இல்லாவிட்டால் அங்கே உயிரோடு இருக்காதீர்கள்" என்று? வைத்தவன் ஐந்து பேரைத்தான் கொன்றான். மிச்சப் பேரைத் தெருவிலிருந்து துரத்துகிற வேலையை நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவனுக்குச் செய்து கொடுக்கிறீர்கள். கூலிகூட வாங்காமல்.

எழுதி எழுதிக் கை வலிக்கிறது. இன்றைக்கே சின்னவளுக்கு ஒரு பெட்டி கொரியரில் போட்டுவிட்டேன். சிவப்பு, சக்கரம் வைத்தது, அவள் உயரத்துக்குக் கைப்பிடி நிற்கும். அட்டைப்பெட்டியில் போட்டுத் தரட்டுமா என்று கொரியர் ஆள் கேட்டான். பெட்டிக்கு எதற்குடா பெட்டி, நம் சரக்கு எதையும் தாங்கும் என்று சொல்லி, காகிதம் அடைத்து, பூட்டி, அப்படியே அனுப்பினேன். பூட்டு நம்பர் உன் பிறந்த தேதியும் மாதமும். வீடு முழுக்க அவள் அதை இழுத்துக்கொண்டு திரியட்டும். "எங்கம்மா போறோம்?" என்று அவள் கேட்கும்போது நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. பெட்டி அதற்கு முன்பே வந்துவிட்டது.

கொரியர் ஆள் மணி அடித்திருக்கிறான், வீட்டில் யாரும் இல்லை. கட்டடத்தின் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒட்டியிருந்த முகவரிச் சீட்டு வழியில் எங்கேயோ கிழிந்துபோயிருக்கிறது. காவலாளி பார்த்தது என்ன தெரியுமா? பெயரில்லாத, பூட்டிய, கேட்பாரற்ற பெட்டி. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். போலீசைக் கூப்பிட்டார்.

நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும்போது கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மழையில் நிற்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து எதிர்க்கடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நானும் அவர்களோடு நின்று, "எந்தப் பாவி வைத்தானோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அப்பா! ஒரு இயந்திரத்தை உருட்டிவிட்டுப் பெட்டியை அறுத்தார்கள். உள்ளேயிருந்து காகித உருண்டைகள் பறந்தன. ஒன்று எங்கள் பக்கம் உருண்டு வந்தது. நம் எழுத்து. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தக் கட்டடத்தில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே வீடு எங்கள் வீடு.

இவரை ஆபீசிலிருந்து நேராக அழைத்துப் போய்விட்டார்கள். சாயங்காலம் முழுக்கக் கேள்வி. "இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?" இவர் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் படித்துச் சொன்னாராம். கிரிக்கெட் ஸ்கோர். மணமகள் தேவை. மூட்டு வலி எண்ணெய். "மாமா ஒரு நல்ல செய்தி இருக்கிற பேப்பரா பாத்து அடைச்சிருக்கக் கூடாதா?" என்று வீட்டுக்கு வந்து சிரித்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், கதவைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தார்.

கீழ்வீட்டு அம்மா தினமும் குழந்தைக்கு பிஸ்கட் கொடுப்பவர். மறுநாள் படியில் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "பாட்டி ஏம்மா பேசல?" என்று சின்னவள் கேட்கிறாள். நீங்கள் எதிர்பார்த்த கேள்வியை அவள் கேட்கவில்லை அப்பா, இதைத்தான் கேட்டாள்.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். நான் வராததற்குக் காரணம் குண்டு அல்ல. இவருடைய குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. உங்கள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களை இங்கே விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார வைக்கிறார்கள். என்னோடு வேலை செய்கிறவள் கைக்குழந்தையோடு அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். பாலுக்குச் சுடுதண்ணீர் கேட்டதற்கு, "முதலில் இதற்குப் பதில் சொல்" என்றார்களாம். "யாரைப் பார்த்தாய், உன் அப்பா என்ன தொழில் செய்கிறார்?" என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? பெட்டி விற்கிறார் என்றா? குண்டு வைத்த தெருவிலேயா?

அந்த அறையில் கேள்வி கேட்கிற மேசை இருக்கிறதே, எனக்கு அதுதான் பயம். குண்டுக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாக இருந்தது, சொன்னேன்.

இனிமேல் எதையும் அனுப்பாதீர்கள்.

வாலு

ஏப்ரல் 12

என் கண்ணு,

தப்பு என்னுடையது. இத்தனை வருஷம் பெட்டி விற்றவன், பூட்டிய பெட்டியை ஒரே ஒரு சீட்டை ஒட்டி அனுப்பினேன். அதுவும் இந்த நேரத்தில். மாப்பிள்ளையிடம் நானே போனில் பேசினேன். "விடுங்க மாமா" என்றார். அவர் விட்டுவிட்டார், என்னால் விட முடியவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சுடுதண்ணீர் விஷயம் வந்ததும் கம்பைத் தரையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். "பச்சப் புள்ளைக்குத் தண்ணி குடுக்காதவன் எந்த ஊரக் காப்பாத்தப் போறான்?" என்றாள். நான் இத்தனை நாள் தப்பான ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ஒருத்தன் எங்கள் தெருவில் குண்டு வைக்கிறான். அதற்கு அங்கே ஒரு மேசை போட்டு, யாரை விசாரிக்கிறார்கள்? குண்டு வெடித்த இடத்தில் அப்பன் இருக்கிறானே என்று அழுத பெண்ணை. செத்தது எங்கள் ஆள், குற்றவாளியும் நாங்கள்தானா? எந்த ஊர் நியாயம் இது?

ஆனால் கோபம் வேறு, கணக்கு வேறு. நஷ்டத்துக்கு வாங்கு என்று நான் யாரையும் கட்டாயப்படுத்தினதில்லை. மாப்பிள்ளையின் அனுமதிக் காகிதம் கெட்டுப்போகும் என்றால் நீ வராதே. நான் திட்டி எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா

ஏப்ரல் 23

அன்புள்ள அப்பா,

நான் வருகிறேன்.

"வராதே" என்று நீங்கள் எழுதி இதுவரை நான் பார்த்ததில்லை. அதைப் படித்த பிறகு எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. எங்கேயும் போகாமல், யாரையும் பார்க்காமல், வீடு உண்டு வேலை உண்டு என்று இருந்தேன். அப்படி இருந்தும் மழையில் நிறுத்தி, கடைசியில் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே சந்தேகம் என்றால், அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தே அந்தச் சந்தேகத்தை வாங்கிக்கொள்கிறேனே! அதிலாவது ஒரு லாபம் இருக்கட்டும்.

வக்கீலைக் கேட்டோம். நானும் குழந்தையும் வந்து போவதால் இவருடைய காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது, திரும்பும்போது கேள்வி மட்டும் கேட்பார்கள் என்றார். இவர், "கேக்கட்டும் போ. நான் மூட்டு வலி எண்ணெய் வரைக்கும் பதில் சொல்லிட்டேன், உனக்கு என்ன கஷ்டம்?" என்கிறார். அந்த அறையில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், பெட்டி விற்கிறார் என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன்.

ஜூன் 6 டிக்கெட் போட்டாயிற்று. ஆனால் மூன்று நிபந்தனை. எட்டு நாள்தான் இருப்பேன். குழந்தையைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகவே கூடாது. குண்டு பயமும் எனக்குக் கொஞ்சம் இருக்கிறது அப்பா, அது முழுப் பொய் இல்லை. மூன்றாவது, திரும்பிப் போகிற அன்றைக்கு விமான நிலையத்தில் நின்று யாரோடும் சண்டை போடக் கூடாது.

உங்கள் வாலு

மே 3

அன்பு வாலு,

நான் பிறந்த நாளிலிருந்து முதல் விலைக்கு எதையும் முடித்ததில்லை. அதுவும் என் பெண் சொல்கிற விலைக்கு முடிப்பேனா? எட்டு நாள் என்பது அநியாயம். கடைத்தெருவே கூடாது என்பது அதைவிட அநியாயம். தாத்தா எங்கே உட்காருகிறார் என்று தெரியாமல் ஒரு குழந்தை திரும்பிப் போகலாமா? நேற்றுப் போனில் நாம் கத்தியதில் யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று அம்மாவுக்குக் குழப்பம். முடிந்ததை எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது.

பத்து நாள். கடைத்தெரு ஒரே ஒரு தடவை, காலையில் ஷட்டர் தூக்கும் நேரத்தில், அரை மணி நேரம், ஒரு கையை நீ பிடிக்க, மறு கையை நான் பிடிக்க. விமான நிலையத்தில் நான் வாயே திறக்கமாட்டேன். அதற்குப் பதிலாக, அந்த அறையில் உன்னை எத்தனை நேரம் உட்கார வைத்தாலும், வெளியே வந்ததும் முதல் போன் எனக்கு, மாப்பிள்ளைக்கு அப்புறம்தான். சம்மதம்.

அப்பா