நூற்றுப் பதினேழாம் அட்டை

கமஹுவானி
ஜூன் 9, ஞாயிறு

அன்பு மகன் யோஸ்பெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி நீவியாவும் மூன்று கோழிகளும் நலம், நீயும் உன் மனைவியும் குழந்தை நையாராவும் அந்தக் குளிர் ஊரில் இருமல் சளி அண்டாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் காப்பியை அடுப்பில் ஏற்றுகிறேன். மொண்டேவிடேயோவில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை, நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மாமரக் கிளை விழுந்து பின்கட்டுக் கூரை ஒழுகுகிறது, மின்சாரம் வந்தால் வந்தது. எதிர்வீட்டு ஹிலாரியா விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். என் கல்யாண உடுப்பைப் பார்த்து ஜன்னல் திரையில் தைத்ததா என்று கேட்டவள் அவள்தான், அது எழுபத்தொன்பது டிசம்பரில், இருந்தாலும் சூப் கொடுத்தனுப்பினேன், உப்பு குறைவாக.

நையாரா சதுரங்க வகுப்பில் சேர்ந்துவிட்டாள், என் பழைய அட்டைப் பெட்டியை யாரிடமாவது கொடுத்தனுப்பு என்று நீ பிப்ரவரியில் கேட்டாயே, அந்தப் பெட்டிதான் இந்தக் கடிதத்தோடு வருகிறது. சுருட்டாலையில் என்னோடு இலை பிரித்த மெர்சியின் மகள் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். இவ்வளவு நாள் ஆள் கிடைக்காமல் தாமதிக்கவில்லை, மார்ச்சிலேயே ஒருவர் போனார், நான்தான் கொடுக்கவில்லை. தூசி தட்டத் திறந்தேன், நானூற்றுப் பன்னிரண்டு அட்டை, பேப்பரில் வந்த சதுரங்கப் புதிர்ப் படங்களை வெட்டி ஒட்டி, பின்பக்கம் விடையை உன் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாய். இதே படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு சமையலறைத் தரையில் நீ கிடந்தது ஞாபகம் வந்தது. ஒருமுறை விடை தெரிந்த பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரியாத விஷயம். காய் எப்படி நகரும் என்று எட்டு வயதில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய் அல்லவா, விளையாட ஆள் இல்லாமல், அது போதுமே, பார்த்துவிடுவோம் என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன்.

முதல் அட்டைக்கு அரை மணி நேரம் ஆயிற்று, அதுவும் தப்பு. ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டேன், மறுநாள் அதே பத்து, அதற்கும் மறுநாள் அதே பத்து, பிறகுதான் புதிது. நீவியா பார்த்துவிட்டு, "அக்கா, பீன்ஸ் கருகுது, உனக்கு இந்த வயசுல உலகக் கோப்பையா வேணும்"னு கேட்டாள். ஆனால் மூன்றாவது வாரம் ஒன்று நடந்தது. ஒரு அட்டையை எடுத்துத் திருப்புவதற்குள் யானை எங்கே போக வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, நான் யோசிக்கவே இல்லை. அந்த அட்டையை நான் அதற்கு முன் பார்த்ததும் இல்லை, வேறு ஒன்றின் தங்கச்சி மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு இலை ஞாபகம் வந்தது. சுருட்டின் மேல் சுற்றும் இலையை முப்பத்தாறு வருடம் மடியில் போட்டு நிறம் பிரித்தவள் நான். முதல் வருடம் எல்லாமே பழுப்பு, எல்லாமே ஒன்று. பிறகு ஒரு நாள் கை தானாகப் போகிறது, இது அந்தக் குவியல், அது இந்தக் குவியல் என்று, ஏன் என்று மேற்பார்வைக்காரி கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த அறிவு எங்கே உட்கார்ந்திருக்கிறது, கண்ணிலா விரலிலா, உனக்குத் தெரிந்தால் எழுது. இன்னொன்றும் கண்டுபிடித்தேன், வந்த பிறகு அது போவதே இல்லை. தெரிந்த இலையைத் தெரியாத மாதிரிப் பார் என்றால் என்னால் முடியாது.

அப்படிப் போய் மே மாதம் நூற்றுப் பதினேழாம் அட்டைக்கு வந்தேன். வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் படம் எனக்குத் தெரியும். தொண்ணூற்றாறு ஜூலையில் விளையாட்டுப் பள்ளியின் சதுரங்கத் தேர்வில் தோற்று வந்த அன்று மாலை, சமையலறைத் தரைக்கற்களையே பலகையாக வைத்து சோடா மூடிகளை அடுக்கிக் காட்டினாயே, அதே படம். "இங்க குதிரைய வச்சேம்மா, ராஜாவுக்கும் யானைக்கும் ஒரே அடி, தப்புன்னுட்டாங்க"ன்னு சொன்னாய். எந்த மூடி எந்தக் கல்லில் இருந்தது என்று இன்றும் சொல்வேன், கறுப்பு மந்திரி விரிசல் விட்ட கல்லின் மேல். இரண்டு பேரை ஒரே அடியில் அடித்தது எப்படித் தப்பாகும் என்று அன்றே உன் சதுரங்க வாத்தியார் எவேலியோ வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினேன். உன்னைத் தயார் செய்ததும் அவன், தேர்வு வைத்ததும் அவன், இடம் போனதோ வேறு பையனுக்கு. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம் அவனுக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை, ரொட்டி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றால் முதுகைத்தான் பார்த்திருக்கிறான்.

இப்போது அட்டையைத் திருப்பாமலே பார்த்தேன். குதிரை தாவலாம், சரி, ஆனால் அந்த மூலையிலிருந்து மந்திரி குறுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தாவின கட்டத்திலேயே குதிரையைத் தின்றுவிடுவான். முதலில் சின்னச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். வழி அடைபட்டு மந்திரி மூலையில் மாட்டிக்கொள்வான், குதிரையும் காத்திருக்கும், மந்திரி யானை இரண்டில் ஒன்றைத்தான் எதிராளி காப்பாற்ற முடியும். என் மகன் செய்தது தப்புதான். ஒரு பொருமலை அவ்வளவு காலம் ஊட்டி வளர்த்துவிட்டு அது வேறு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பிறகு அட்டையைத் திருப்பினேன். "சிப்பாய் ஒரு கட்டம்" என்று எழுதியிருக்கிறது, உன் எழுத்து. அதன் கீழே தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நொடி என்று. நாற்பத்தொன்று, முப்பது, பன்னிரண்டு, ஐந்து, இரண்டு, இரண்டு. கடைசித் தேதி தேர்வுக்கு நாலு நாள் முன்னால்.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். எவேலியோவுக்கு எழுபத்தொன்பது ஆகிறது, இன்னும் அதே மரத்தடி மேசை. பக்கத்தில் தோமினோக் கட்டை ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "எவேலியோ, ராணி வர்றா, ராஜாவ எங்கயாச்சும் ஒளிச்சு வை"ன்னான். எவேலியோ தலையைத் தூக்கவில்லை, "உக்காரு ஒமைதா, மறுபடி கத்துறதா இருந்தா இடது காதுல கத்து, வலது போயிடுச்சு"ன்னான். அட்டையை வைத்தேன். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். "அட்டை செஞ்சுக்கடான்னு சொன்னதே நான்தான். ஒரே படத்த நொடிக் கணக்கா குறைச்சுக்கிட்டே வந்தான் உன் பையன், அப்படி ஒரு கண்ணு நான் பாத்ததில்ல. தேர்வுத் தாள்ல இத வேணும்னேதான் போட்டேன், தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவான்னு. செஞ்சது தப்புதான், மத்தப் பசங்களுக்குத் துரோகம். தாளத் திருத்தறப்ப குதிரைன்னு எழுதியிருக்கு. என் மேல என்ன கோபமோன்னு இத்தன வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்"னான். இதை ஏன் அன்றே வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ சொல்ல விட்டியா"ன்னான். அதற்காக அவன் மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, சொல்ல நினைத்தவன் கதவைத் தட்டியிருப்பான். ஆனால் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஒரு ஆட்டமும் ஆடினேன், பதினெட்டு நகர்த்தலில் தோற்கடித்தான், கிழவனுக்கு இரக்கமே இல்லை.

மகனே, தெரிந்த இலையைக் கை வேறு குவியலில் தவறிப் போடாது, போட வேண்டும் என்று நினைத்தால்தான் போடும். ஏன் அப்படி எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன் அப்பா கடலில் படகேறி நாட்டை விட்டுப் போய்ச் சேதி இல்லாமல் இரண்டு வருடம், எனக்கு இலைத்தூசி இருமல், அந்தப் பள்ளியிலோ மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு விடுவார்கள். இந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம், எனக்குக் கணக்குத் தெரியாதா. பதினோரு வயதுப் பிள்ளை என்னைக் கேட்காமல் அப்படி முடிவு செய்ததற்கு உன்னை அறைந்திருக்க வேண்டும், இப்போது கை எட்டாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்று மாலை மூடிகளை அடுக்கும்போது குதிரையைத் தின்னும் அந்த மந்திரியை ஏன் விடாமல் வைத்தாய்? என்னை நம்ப வைக்க வந்தவன் அந்த ஒரு மூடியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம், எனக்கு என்ன தெரியும். வைத்தாய், அதுவும் சரியான கல்லில். அதை யோசித்து யோசித்து எனக்கு விளங்கவில்லை, நீ எழுதினால்தான் உண்டு.

நையாராவுக்குத் தினமும் புதிது கொடுக்காதே, பழைய பத்தையே அலுக்கும்வரை கொடு, அலுத்த பிறகும் கொடு. கையை நீட்டும் முன் எதிராளி எங்கிருந்து பார்க்கிறான் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொல். நொடியை எழுத வேண்டாம், அவள் சந்தோஷமாகப் பார்க்கட்டும். பெட்டியில் நானூற்றுப் பதினொன்றுதான் இருக்கும், எண்ணிப் பார்த்து மெர்சி மகளைச் சந்தேகப்படாதே, ஒன்று என்னிடம் இருக்கிறது. உன் இழுப்பு மருந்தைத் தீரும் முன்பே வாங்கி வை. சமையலறைத் தரையில் அந்த விரிசல் கல்லை மாற்றிவிடலாம் என்று நீவியா நச்சரிக்கிறாள், நான் விடவில்லை. கடவுளும் கன்னித்தாயும் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ எங்கே நின்றாலும் உன் நெற்றியில் என் கை இருக்கிறது.

பதிலை எதிர்பார்த்து,
உன் அம்மா
ஒமைதா