பிளேட் மேல் போட்ட பழி

சைதாப்பேட்டை,
நவம்பர் 13, வியாழன்.

அன்புத் தங்கை தாரணிக்கு,

நஸ்ருன்னிசா அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் மகள் ஆயத்தும் சுகம். செய்யாற்றில் உன் அம்மா சுகமா, நீ சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் ஆபரேஷன் என்று நான் வாயெடுத்தாலே ‘அம்மா கூப்புடுறாங்கக்கா’ என்று வைத்துவிடுகிறாய். மூன்று முறை ஆயிற்று. உன் அம்மாவும் பாவம், நான் பேசும்போது மட்டும் உன்னைக் கூப்பிடுகிறார்கள். கடிதத்தை மடித்து வைத்தாலும் பிறகு எடுத்துப் படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மழைக்காக இன்று பள்ளி விடுமுறை. திருத்த வேண்டிய வேதியியல் விடைத்தாள்கள் பக்கத்தில் இருக்கின்றன, இருக்கட்டும்.

திங்கட்கிழமை மாலை உன் வீட்டுக்காரர் ஆட்டோவோடு எங்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். கபாலி அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “டீச்சர், அவ கால்ல கட்டு ஈரமாவே கீது. துணிய மாத்திகினே இருக்கா. எலும்புல வச்ச பிளேட்ட எடுத்துடணும்னு செய்யாறு டாக்டர் சொல்லி இருபது நாளாச்சு. கேட்டா, அந்த அக்காவுக்கு ரெண்டாவது தபா கத்தி வச்சாங்களே, இன்னா ஆச்சுன்னு நான் பக்கத்து பெட்ல இருந்து பாக்கலியான்றா” என்றார். பிறகு, “தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அவ பயப்படுறதே உங்களப் பாத்துதான்” என்று சேர்த்துச் சொன்னார்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மை.

ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் அந்த ஒன்பது நாள் நீ எல்லாவற்றையும் பார்த்தாய். துணிக்கடை ஏணியிலிருந்து விழுந்து உனக்கு முதல் ஆபரேஷன், எனக்கு இரண்டாவது. உன் கால் சின்னக் கட்டோடு வந்தது. என் கால் வெளியே கம்பிக் கூண்டோடு வந்தது. “காலுக்கு ஆன்டெனா மாட்டிட்டாங்கக்கா, இன்னா சேனல் வருதுன்னு பாருங்க” என்று நீ சொன்னதில், வலியோடு நான் சிரித்துவிட்டேன். ஆனால் நர்ஸ் கம்பி நுழைந்த இடங்களைத் துடைக்க வரும்போதெல்லாம் நான் கத்தியதும் உன் காதில்தானே விழுந்தது. நாலாம் நாள் நீ கண்ணை மூடிக்கொண்டு காதில் விரலை வைத்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன்.

அன்று இரவு, ‘ஏன்க்கா உங்களுக்கு மட்டும் இப்படி ஆச்சு’ என்று கேட்டாய். ‘பிளேட் என் உடம்புக்கு ஒத்துக்கலை’ என்றேன். என் மாமியாரிடமும் ஆசிரியர் அறையிலும் அதையேதான் சொல்லியிருந்தேன். பார்க்க வந்தவர்களும் ‘ஆமா, சிலருக்கு இரும்பு ஒத்துக்காது’ என்று தலையாட்டினார்கள். இப்போது நீயும் கபாலியிடம் அதைத்தான் சொல்கிறாயாம். எங்களுக்கெல்லாம் ஒத்துக்காத உடம்பு, திரும்பத் திரும்ப அறுத்தால் மோசமாகத்தான் போகும் என்று.

தாரணி, அது பொய். பிளேட் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஜனவரியில் மாம்பலம் ஸ்டேஷன் படியில் விழுந்து, முதல் ஆபரேஷன் முடிந்து, நான் நன்றாகவே இருந்தேன். மார்ச்சில் நோன்பு வந்தது. அதற்கு முந்தைய வாரம் உள் கணுக்காலில் தையல் ஓரம் லேசாகக் கசிந்தது. டாக்டர் பார்த்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை எழுதி, பத்து நாளில் வரச் சொன்னார். நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, குணமான பிறகு வைத்துக்கொள்ளலாம். இது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் முதல் நாளே சொன்னார். நான்தான் ‘உட்கார்ந்த இடத்தில் இருப்பவளுக்கு நோன்பு என்ன கஷ்டம்’ என்றேன்.

காலை மாத்திரையை விடியுமுன் சஹர் உணவோடு போட்டேன். மதிய மாத்திரையையும் இரவு மாத்திரையையும் நோன்பு திறந்த பிறகு கஞ்சியோடு ஒன்றாகப் போட்டேன். மூன்றும் உள்ளே போகிறதே என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். எந்த மருந்து எத்தனை மணி நேரம் ரத்தத்தில் நிற்கும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். டாக்டரிடம் போனால் நோன்பை விடச் சொல்வார் என்று பத்தாம் நாள் போகவில்லை. கசிவு நிற்கவில்லை. கட்டின் மேல் தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டேன். வீட்டில் வாசனை வரக்கூடாதென்று டெட்டால் ஊற்றித் துணியைத் தனியாக அலசினேன். இப்படி மூன்று வாரம்.

பக்தி என்று நினைக்காதே. யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆயத் பதினேழு வயதுப் பெண், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே நோன்பு வைக்கிறாள். அவள் முன்னால் மத்தியானம் தட்டு வைத்துச் சாப்பிடும் நோயாளியாக இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். சலுகை கொடுத்தவன் இறைவன். அதை வாங்கிக்கொள்ள எனக்குத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் குளிர்காய்ச்சல். டாக்டர் கட்டைப் பிரித்து, சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: “முதல் வாரமே வந்திருந்தா கழுவி, தையல் போட்டு அனுப்பிச்சிருப்பேன்மா. இப்ப எலும்புக்குப் போயிடுச்சு.” எலும்பு கூடாத நேரத்தில் பிளேட்டை எடுக்க வேண்டி வந்ததால்தான் அதைப் பிடித்து நிறுத்த வெளியே கம்பிக் கூண்டு. நீ பார்த்துப் பயந்தது இரண்டாவது ஆபரேஷனை அல்ல. என் மூன்று வாரத்தை.

உனக்கு எழுதுவதற்கு முன் நேற்று இதை என் கணவரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். “தெரியும். கொடியில துணி காஞ்சத பாத்தேன்” என்றார். பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். “நோன்ப விடுன்னு ரெண்டாவது தடவ சொல்ற புருஷனா இருக்க எனக்குத் தைரியம் இல்ல நஸ்ரு” என்றார். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சுமந்திருக்கிறோம். கபாலி அப்படி இருக்கவில்லை. ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். அவரைத் திட்டாதே.

கபாலி அனுப்பிய உன் எக்ஸ்ரேயைச் செவ்வாய்க்கிழமை என் பரிசோதனைக்குப் போனபோது என் டாக்டரிடம் காட்டினேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துவிடு. உன் எலும்பு கூடிவிட்டது என்றார். பிளேட்டுக்கு அங்கே இனி வேலை இல்லை, கிருமி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, எடுத்துச் சுத்தம் செய்தால் புண் ஆற வழி பிறக்கும் என்றார். உனக்குக் கூண்டு வராது என்று எழுதிக் கொடுக்க நான் டாக்டர் இல்லை. அவரும் நேரில் பார்த்துத்தான் சொல்வேன் என்றார். ஆனால், “இந்தம்மா எவ்வளவு சீக்கிரம் வர்றாங்களோ அவ்வளவு நல்லது” என்று இரண்டு தடவை சொன்னார். நீ கட்டை மாற்றிக்கொண்டிருக்கும் இந்த இருபது நாள் எனக்கு நன்றாகத் தெரிந்த நாட்கள்.

என் கால் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஜூனில் கூண்டைக் கழற்றினார்கள். பிசியோதெரபிக்குப் போனால், எடை பார்க்கும் மெஷின் மேல் காலை வைத்து முள் பத்து கிலோ காட்டும்வரை மட்டும் அழுத்தச் சொன்னார்கள். பத்துக்கே வியர்த்தது. வாரம் ஐந்து கிலோ ஏற்றினோம். ‘உலகத்துலயே வெயிட் ஏறினா சந்தோஷப்படுற ஒரே பொம்பள நீதாம்மா’ என்று ஆயத் கிண்டல் செய்வாள். முள் ஐம்பத்தைந்தைத் தொட்ட அன்று இரண்டு கைத்தடிகளில் ஒன்றை மூலையில் வைத்தேன். ஆகஸ்டில் பள்ளிக்குப் போனேன். இப்போது பஸ்ஸில் போய் வருகிறேன், வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறேன். படி ஏறுவேன். இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குகிறேன், பின்னால் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். கணுக்கால் முழுதாக மடங்காது. தொழுகையில் காலை மடித்து உட்கார முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன். முதலில் அழுதேன். இப்போது அதுவும் தொழுகைதான். மழை வந்தால் வலிக்கும். இன்று வலிக்கிறது. ஒத்தடம் கொடுத்தபடிதான் எழுதுகிறேன்.

கடை வேலை போய்விடும் என்பது உன் இன்னொரு கவலை. நியாயமான கவலை. ஆனால் கசிகிற காலோடு எத்தனை நாள் நின்று புடவை விரிப்பாய்? விற்பனைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தரச் சட்டமே வந்திருக்கிறது. கால் ஆறட்டும், உன் சூப்பர்வைசரிடம் நானும் வந்து பேசுகிறேன். பிள்ளைகளை அதட்டும் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது.

புதன்கிழமை டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்க்கும் நாள். காலை எட்டரைக்குச் சீட்டு உன் பெயரில் வாங்கியிருக்கிறேன். பள்ளியில் விடுப்பும் சொல்லிவிட்டேன். செவ்வாய் இரவு நீ எங்கள் வீட்டில் தங்கலாம், கீழ்த்தளம்தான், படி இல்லை. ஆபரேஷன் என்று முடிவானால் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நான் இருப்பேன். நீ கத்தினாலும் காதை மூடிக்கொள்ள மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், தாரணி. வராமல் இருக்க உனக்கு வேறு ஏதாவது காரணம் இருந்தால் அதைச் சொல், சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி மட்டும் வராமல் இருந்துவிடாதே. என் காலுக்கு நான் செய்ததை என்னால் தாங்க முடிகிறது. உன் காலுக்கும் நானே செய்ததாக ஆகிவிடக்கூடாது.

இறைவன் உனக்குப் பூரண சுகத்தைத் தரட்டும். அம்மாவுக்கு என் வணக்கம்.

புதனன்று உன்னை எதிர்பார்க்கும்
உன் அக்கா
நஸ்ருன்னிசா