ஆறாவது ரீலுக்குப் பிறகு ஐந்தாவது

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆய்வகத்தில் ஒரு மாணவன் முப்பட்டகத்தைக் கீழே போட்டான். துறைத் தலைவர் வந்து சில்லுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நானே எறிந்து உடைத்ததைப்போல. என்னைவிட இளையவர். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது கல்லூரிச் சுவருக்குக்கூடத் தெரியும். எழுதி என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

கையெழுத்து கோணுகிறது. கோணட்டும்!

வேலைவிட்டு வந்த மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்க இரும்பன் பழைய தியேட்டர் வாசல்ல நிக்கிறான். போய்ப் பாருங்க."

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆமாம், அவன்தான். சுவரொட்டியில் அதே சதுரத் தலை, அதே தொங்கிய தோள். பழைய புரொஜெக்டரைக் கழற்றப் போகிறார்களாம். அதற்கு முன் கடைசியாக ஒரு படத்தை ரீலிலேயே ஓட்டப் போகிறார்கள். 22ஆம் தேதி ஞாயிறு, பகல் காட்சி மட்டும். என்ன படம்? இரண்டாம் பாகம். என் இரண்டாம் பாகம்!

நடுத்தெருவில் நின்று சிரித்தேன் போலிருக்கிறது. சைக்கிளில் போன ஒருவர் ஒதுங்கிப் போனார்.

பிப்ரவரி 6, வெள்ளி

வகுப்பில் ஒளிவிலகல் நடத்த வேண்டியவன் விண்கலத்தின் கதவு திறக்கும் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இத்தனை வருட ஆசிரியப் பணியில் இதுவே முதல் கைதட்டல்.

முதல் பாகத்தைத் தூக்கிப் பிடிப்பவர்களை நான் மனிதர்களாகவே மதிப்பதில்லை. முதல் பாகம் கிளம்பிப் போகிற கதை. கிளம்புவதில் என்ன இருக்கிறது? இரண்டாம் பாகம்தான் திரும்பி வருகிற கதை. அந்தப் பெண் கேப்டனும், அவளுக்குத் துணையாக ஓர் இயந்திரமும், ஓட்டை விழுந்த ஒரு கலமும். படத்தில் இயந்திரத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். இரும்பன் என்று பெயர் வைத்தது நானும் தம்பியும். எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்கு ஒன்பது.

பிப்ரவரி 8, ஞாயிறு

விஷயத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஐந்தாவது ரீலில் இரும்பன் தட்டில் இரண்டு கோப்பை தேநீர் கொண்டு வருவான். கேப்டன் குடிப்பாள். குடிக்கத் தெரியாத இவன் தன் கோப்பையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆறாவது ரீலில் கலத்தைக் காப்பாற்றத் தன் மின்சாரம் முழுவதையும் கொடுத்துவிட்டு அணைந்துவிடுவான். கேப்டன் மூன்று முறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் வராது. படம் எடுத்தவர்கள் வைத்த வரிசை இது.

எங்கள் தியேட்டரில் இரண்டையும் மாற்றி ஓட்டினார்கள். ஓடிய நாள் முழுக்க அப்படித்தான், யாரும் புகார் சொல்லவில்லை. இரும்பன் இறந்தான். கேப்டன் மூன்று முறை கூப்பிட்டாள். இடைவேளை. நானும் தம்பியும் முறுக்கிப் பிழிந்த துணிபோல உட்கார்ந்திருந்தோம். விளக்கு அணைந்தது, கதவு திறந்தது, தேநீர்த் தட்டோடு வருகிறான்! அதற்கு மேல் ஒரு சந்தோஷம் எனக்கு வாய்க்கவில்லை, கல்யாணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கூப்பிட்டாள், வந்தான். எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஏழாவது ரீலில் அவன் ஏன் இல்லை? விடுப்பில் போயிருப்பான் என்று வைத்துக்கொண்டோம்.

அன்று முதல் வீட்டில் அதுதான் விளையாட்டு. நான் மொட்டை மாடியில் நின்று மூன்று முறை "இரும்பா" என்று கூப்பிடுவேன். தம்பி எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீரோடு படியேறி வந்து, "வந்துட்டேன், கேப்டன்" என்பான். ஒருமுறை தலை நிறையச் சோப்பு நுரையோடு வந்தான்.

அப்புறம் என் கல்யாண வரவேற்பில், மணப்பெண் புடவை மாற்றப் போயிருந்த நேரத்தில், மைக்கைப் பிடித்தான். ரீல் மாறிய கதையைச் சொல்லி, "எங்க அண்ணன் இயற்பியல் படிச்சவரு. ஆனா செத்த மெஷினைக் கூப்பிட்டா எழுந்து வரும்னு மொட்டை மாடில நின்னு கத்துவாரு" என்றான். மண்டபமே சிரித்தது. மாமனார் இன்றுவரை என்னைக் "கேப்டன்" என்றுதான் கூப்பிடுகிறார். சிரித்ததுகூடப் பரவாயில்லை. கூப்பிட்டால் ஓடி வந்தவன் அவன்தானே? அதை ஏன் சொல்லவில்லை? பாதியை மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தனியாக மாடியில் நிறுத்திவிட்டான்.

நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்கிறோம். பேச்சு "சௌக்கியமா" என்பதோடு நின்றுவிடும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு யோசனை! மறுபடியும் மாற்றி ஓட்டச் சொன்னால் என்ன?

பிப்ரவரி 11, புதன்

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு. காரணம்: உடல்நலக் குறைவு. துள்ளிக்கொண்டு தியேட்டர் படியேறினேன்.

ஆபரேட்டர் பனியனோடு உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே பிரிண்ட், அதே டப்பாக்கள். நம்பரை மட்டும் பிற்பாடு யாரோ சரிசெய்திருக்கிறார்கள். ஆறை முதலில் ஓட்டுங்கள், ஐந்தைப் பிறகு என்றேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, உங்களுக்கு ஏதாவது பந்தயமா என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். கதவுச் சத்தத்தையும் செய்து காட்டினேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். "நான் டப்பா மேல இருக்கிற நம்பரைத்தான் பார்ப்பேன் சார். ஆறு முதல்ல, அஞ்சு அப்புறம். முடிஞ்சது. இனிமே எவன் வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே எனக்கென்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

துறைத் தலைவர் உடம்பு எப்படி என்று விசாரித்தார். பிரமாதம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

டிக்கெட் வாங்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் முகத்தையே பார்த்தாள்.

"நேத்து உங்க ஜாடையிலேயே ஒருத்தர் வந்தாரு சார். முடி மட்டும் உங்களைவிடக் கம்மி. மேனேஜர் ரூம்ல ரீலைப் பத்தியே ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாரு."

தம்பி! வேறு யார்? சரியான வரிசையில் ஓட்டுங்கள் என்று சொல்ல வந்திருப்பான். அன்று மைக், இன்று மேனேஜர். இவனுக்கு என்னை ஜெயிக்காமல் தூக்கமே வராதா?

மறுபடி மாடிக்கு ஓடினேன். ஆபரேட்டர் என்னைப் பார்த்ததுமே, "ஆறு, அஞ்சு" என்றார். நல்ல மனிதர்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மனைவி: "அவரையும் கூப்பிட வேண்டியதுதானே?"

நான் கூப்பிடுவதா? எத்தனை வருடம் கூப்பிட்டிருக்கிறேன், மாடியிலிருந்து? போதும்.

இவளுக்கு இதெல்லாம் புரியாது. எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் டிஸ்க்கைப் போட்டால், ரிமோட்டை அழுத்தி முன்பின்னாக மாற்றித்தான் ஓட்டுவேன். இவள் எங்கள் ஊர் வரிசையை மட்டுமே பார்த்தவள். இவளைப் பொறுத்தவரை இரும்பன் இன்னும் உயிரோடு எங்கோ விடுப்பில் இருக்கிறான்.

பிப்ரவரி 21, சனி

நாளை. நாளை. நாளை. சட்டை இஸ்திரி போட்டாயிற்று.

பிப்ரவரி 22, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

கூட்டம் பரவாயில்லை. எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் ஒரு வழுக்கைத் தலை. தனியாக வந்திருந்தான். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

படம் தொடங்கியது. அந்த இருட்டில் அந்தக் கலம், ஒரு கொசு அளவுக்கு, திரையின் ஓரத்தில் – வாயைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலாவது ரீல் முடிந்தது. இப்போது இறக்கப் போகிறான் என்று இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. தேநீர்த் தட்டோடு வந்தான்!

சரியான வரிசை. பாவி, ஆபரேட்டரையும் கவிழ்த்துவிட்டான். இடைவேளையில் அவனை முறைக்கவென்றே வெளியே போனேன். குடிதண்ணீர்க் குழாய் அருகே நின்றிருந்தான். அவனும் என்னை முறைத்தான். ஜெயித்தவனுக்கு எதற்கு அந்த முகம்? திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பிறகு ஆறாவது. இரும்பனின் கண் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் மூக்கை உறிஞ்ச, என் மனைவி அவர் கையைத் தட்டி, "கவலைப்படாதீங்க, இப்ப வந்துடுவான்" என்றாள்.

கேப்டன் கூப்பிட்டாள்.

இரண்டாம் முறை கூப்பிட்டாள். மனைவி என் பக்கம் திரும்பினாள். "வருவான்ல? ஏங்க, வருவான்ல?" நான் திரையைக் கை காட்டினேன்.

மூன்றாம் முறை.

மூன்று வரிசைக்கு முன்னால் அந்த வழுக்கைத் தலை எழுந்து நின்றது.

"வந்துட்டேன், கேப்டன்."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. யாரோ விசில் அடித்தார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்று கல்யாண மண்டபத்தில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. இம்முறை நின்றுகொண்டிருந்தவன் அவன். நான் சிரித்தேன், மூச்சு முட்டச் சிரித்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மறுபடி சிரித்தேன். ஏழாவது ரீலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தால் படிக்கட்டில் மேனேஜரும் ஆபரேட்டரும் சண்டை. தம்பி மேனேஜரிடம் போய்க் கேட்டது இதுதான்: ஆறை முதலில் ஓட்டுங்கள், எங்கள் அண்ணன் பார்த்தபடியே ஓட வேண்டும். ஆபரேட்டர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார் என்று தெரிந்த மேனேஜர், அவருக்குத் தெரியாமல் ரீல்களை டப்பா மாற்றி வைத்திருக்கிறார். ஆபரேட்டர் எனக்குக் கொடுத்த வாக்குப்படி ஆறாம் நம்பர் டப்பாவை முதலில் எடுத்திருக்கிறார். இரண்டு தடவை மாற்றியதில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

"நீயாண்ணா மாத்திட்டே?" என்றான் தம்பி.

"நீதான்டா மாத்திட்டே."

இரண்டு பேரும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டோம், சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல். மேனேஜர் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லையே, அவன் செத்துட்டான்னு."

பிப்ரவரி 23, திங்கள்

மனைவி இன்னும் பேசவில்லை. தேநீரை நானே போட்டு, தட்டில் இரண்டு கோப்பையாகக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 4, புதன்

காலையில் தம்பியிடமிருந்து போன். உண்மையைச் சொன்னால் தனக்கு முதல் பாகம்தான் பிடிக்குமாம்! சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம், என்னிடம் சொல்லப் பயமாக இருந்ததாம். இனி அவனோடு எனக்கு ஒரு பேச்சும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். டிஸ்க்கைத் துடைத்து வைத்திருக்கிறேன்.