சாரல் பட்டாலும் வலிக்கும்

அக்கா,

இன்று காலையில் கொடியில் கிடந்த சேலையை எடுக்கப் போனேன். குற்றாலத்துப் பக்கமிருந்து வந்த சாரல் புறங்கையில் விழுந்தது. ஊரே இந்தச் சாரலுக்குக் காத்துக் கிடக்கிறது. நானோ கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன். உன் ஞாபகம்தான்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் இதை நானே எழுதுகிறேன், யாரையும் எழுதச் சொல்லவில்லை. விரல் மடங்க மாட்டேன் என்கிறது. எழுத்து கோணலாக இருக்கும்.

எழுபதுகளில் தென்காசி வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோதே, மூத்த மருமகளான உன் விரல் மூட்டெல்லாம் உருண்டு வீங்கியிருந்தது. டாக்டர் போட்ட ஊசியில் வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. "வீக்கமே இல்லையே, பெறகு என்னம்மா வலி?" என்று அவர் கேட்டுவிட்டார். நம் மாமியாருக்கு அது போதாதா? "ஆட்டுரலைக் கண்டாத்தான் இவளுக்குக் கை வலிக்கும். சோத்துத் தட்டைக் கண்டா வலிக்காது." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அந்த சீசனில், அருவித் தண்ணீர் பட்டால் வலி பறந்துவிடும் என்று உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து உன்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனார்கள். பெண்கள் குளிக்கிற பக்கம் போகுமுன்னே, தெறித்த திவலை கையில் பட்டு அலறினாய்.

"ஊசியாக் குத்துதுட்டி! என்னைய அங்கன கொண்டு போவாத!"

"தண்ணி குத்துதாம்லா மகராணிக்கு!" என்றாள் மாமியார், கூட்டத்தைப் பார்த்து. உன் கையை என் முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் என் காதோரம் கேட்டாய்: "எனக்குப் புத்தி பெசகிட்டாட்டி? தண்ணி எப்படி வலிக்கும்?" வலியைவிட அந்தப் பயம்தான் உன்னைத் தின்றது.

அதற்குப் பிறகு வலி என்ற சொல்லையே நீ எடுக்கவில்லை. கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்குவாய். கேட்டால் "தலைவலிட்டி" என்பாய். எண்பதுகளில் ஒரு நாள் அடுக்களையில் ரத்தமாக வாந்தி எடுத்தாய். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியிருந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாய்.

இப்போது எனக்கும் விரல் வீங்குகிறது அக்கா. முதல் நாள் பார்த்தபோது எனக்கும் உன் கதிதானோ என்று பயந்துவிட்டேன். டாக்டருக்குப் படிக்கிறாளே என் பேத்தி, நம் குடும்பத்திலேயே முதல் ஆள், அவளிடம் உன் கதையைச் சொன்னேன்.

"பெரியாச்சி சொன்னது நெசம் ஆச்சி. ரத்தத்துல காவலுக்கு நிக்குற அணுக்கள் இருக்குல்லா, அது ஆள் தெரியாம சொந்த மூட்டையே கடிக்கும். கடிக்கும்போது நரம்பையும் உசுப்பி விட்டுரும். நரம்பு சும்மா இருக்குமா? இன்னும் நாலு அணுக்களைக் கூப்பிடும். வீக்கம் வடிஞ்சாலும் சில பேருக்கு நரம்பு அடங்காது. துணி பட்டாலும் வலிக்கும், தண்ணி பட்டாலும் வலிக்கும்."

நீ பஸ்ஸில் கேட்டதற்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் வந்திருக்கிறது. உனக்குப் புத்தி பிசகவில்லை அக்கா.

ஆனாலும் என் பயம் போகவில்லை. நாளைக்கு ரத்தம் எடுக்கக் கூட்டிப் போகிறாள். என்ன சொல்வார்களோ. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் வாசலில் கையை நீட்டிப் பார்த்தேன். சாரல் விழுந்தது. பின்னாலேயே வந்த பேத்தி, "வலிக்குதா ஆச்சி?" என்றாள்.

தலைவலி என்று சொல்லத்தான் வாய் வந்தது. நீ விழுங்கிய சொல்லை நானும் விழுங்கக் கூடாது என்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"வலிக்குதுட்டி."