காந்தம் இல்லாத விண்மீன்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? சதர்லாந்து வானாய்வகத்தில் பனி கொட்டுகிறது; நான் நலமே.

எரிந்து ஓய்ந்த அந்த வெண்குறு விண்மீனின் ஒளி ஒரு பக்கமாகச் சுழன்று வருகிறது, அதனால் அதில் காந்தப்புலம் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? நேற்று, காந்தமே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு விண்மீனைப் பார்த்தேன். அதன் ஒளியும் அப்படியே சுழன்றது. கோளாறு எங்கள் கருவியில்தான்.

பேராசிரியர் மரைஸிடம் நானே போய்ச் சொன்னேன். “ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி சொன்னியே, அது போதும்மா. போய்த் தூங்கு,” என்றார். நன்றாகத்தான் தூங்கினேன்.

அப்பாவின் கம்பளித் தொப்பி இன்னும் இருந்தால் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

என் கண்டுபிடிப்புக்காக ஆலயத்தில் எல்லோரும் நன்றிப் பாட்டுப் பாடினீர்களாமே. அது பொய்த்ததை நீங்கள் சொல்ல வேண்டாம் அம்மா. கிறிஸ்துமஸுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் நானே எழுந்து நின்று சொல்கிறேன்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் வுயோகாசி